தவிட்டுக்கு வாங்காத மகள்

ஆடி வெள்ளிகளில் என்னோடு கூழ் ஊற்றும் அக்கா தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மூலக்குளத்தில் எங்கள் தெரு மாரியம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

என் மகள் தர்ஷினி ஒன்பதாவது படிக்கிறாள். ஒரே பிள்ளை. சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார மாட்டாள். வயசுக்கு வந்த பிறகு கோபமும் சேர்ந்துகொண்டது. "தட்டை எடுத்து வை" என்றாலே தட்டு பறக்கும். கொஞ்ச நேரத்தில் என் மடியில் படுத்து அழுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் அப்பா தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறையில் வேலை. அலுத்து வரும் மனிதருக்குப் பொறுமை ஏது? கை நீண்டுவிடும். அவளும் சும்மா இருக்க மாட்டாள். நடுவில் நான். பள்ளிக்கூடத்தில் குறை சொன்னார்கள், சொந்தக்காரர்கள் திமிர் என்றார்கள். பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே கேட்காமல் அழுத நாட்கள் நிறைய.

போன ஆடியில் என் நாத்தனார் ஒரு வழி சொன்னார். பிள்ளையை அம்மனுக்கு விற்று வாங்கு என்றார். எங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் உண்டு. கோயில் படியில் பிள்ளையை உட்கார வைத்து, "இனி இது என் பிள்ளை இல்லை, உன் பிள்ளை" என்று பெற்றவள் சொல்ல வேண்டும். தாய்மாமன் ஒரு முறம் தவிடு கொடுத்து அம்மனிடமிருந்து வாங்கி, பெற்றவளிடம் திருப்பித் தருவார். பீடை கோயிலோடு போய்விடும் என்பது நம்பிக்கை. கைக்குழந்தைக்குச் செய்வதை விவரம் தெரிந்த பெண்ணுக்குச் செய்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வார்த்தையைச் சொன்னேன். தர்ஷினி என் முகத்தையே பார்த்தாள். விழுப்புரத்திலிருந்து வர வேண்டிய என் தம்பியின் பஸ் வழியில் நின்றுவிட்டது. மாமா வந்து வாங்கும்வரை இங்கேயே உட்கார் என்று சொல்லிவிட்டு, கூழ்ப்பானையைப் பார்க்கப் போனேன். காத்திருப்பது அவளால் ஆகவே ஆகாத காரியம். திரும்பி வந்தால் படியில் பிள்ளை இல்லை.

அவர் பட்டறையிலிருந்து ஓடி வந்தார். தம்பியும் வந்து சேர்ந்தான். பள்ளிக்கூடம், தோழிகள் வீடு, பஸ் ஸ்டாண்டு என்று தேடாத இடமில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கொடுத்தோம். மதியமும் தாண்டியது. கோயிலுக்கே திரும்பினேன். அவள் உட்கார்ந்திருந்த படியில் விழுந்தேன். காலையில் இவள் கோபத்தை எடுத்துவிடு என்று கேட்ட அதே வாயால் கதறினேன்.

"தாயே, கோபத்தோடயே குடு. தட்ட வீசட்டும், என்ன வேணா பண்ணட்டும். எம்பொண்ண குடு."

கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, போன் அடித்தது. காலாப்பட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா பேசினார். கடலில் முழங்கால் தண்ணீரில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாளாம். கையைப் பிடித்து இழுத்து வந்து, படகு நிழலில் உட்கார வைத்து, என் நம்பரை வாங்கியிருக்கிறார். அவரை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உண்டியலுக்கு என்று நான் கொடுத்த சில்லறையில் பஸ் ஏறியிருக்கிறாள். அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. நாங்கள் கடற்கரைக்கு ஓடினோம். நான் கையை நீட்டினேன். பின்னால் நகர்ந்தாள்.

"மாமா இன்னும் என்ன வாங்கலையேம்மா. நான் எப்டி வூட்டுக்கு வர்றது?"

அவள் அப்பா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் அவரே லீவு போட்டு எங்களை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனார். இது ஏ.டி.எச்.டி., பிறவியிலேயே மூளை இப்படி, வரும் கோபத்துக்குச் சட்டென்று பிரேக் போட இவளால் முடியாது என்று டாக்டர் விளக்கினார். திமிரும் இல்லை, பீடையும் இல்லை. அவளுக்கு மாத்திரை, எங்களுக்குப் பாடம். கோபம் ஏறும்போது கேள்வி கேட்காதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், அடங்கட்டும், பிறகு பேசுங்கள் என்றார். இப்போது அவள் அப்பாவுக்குக் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். அவள் மாடிக்குப் போய்க் கயிறு தாண்டுகிறாள். தட்டு இன்னும் பறக்கத்தான் செய்கிறது. ஆனால் கை நீள்வதில்லை.

சடங்கு பாதியில் நிற்கிறது என்று நாத்தனாருக்குக் குறை. தர்ஷினியைக் கேட்டேன். அந்தப் படியில் மறுபடி உட்கார மாட்டேன் என்றாள். விட்டுவிட்டோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சில நாள் திடீரென்று கேட்கிறாள், "சும்மா சாமிக்காகத்தானேம்மா அப்டி சொன்ன?" ஆமாம் என்கிறேன். பாதிதான் நம்புகிறாள். அந்த மீதிப் பாதிதான் என் நெஞ்சை அறுக்கிறது.

இப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் மறைக்காதீர்கள். டாக்டரிடம் போனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். நம்பி அவளிடமும் வாருங்கள். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் எனக்கு வேண்டும் என்று வாய்விட்டு வேண்டுங்கள். அம்மனுக்கு எப்படியும் கேட்கும். பிள்ளைக்குத்தான் கேட்க வேண்டும்.