நீங்கள் ஜெபித்த அந்த நம்பர்

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளே, காக்ஸ் டவுனிலிருந்து உங்களைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிக்கொண்டு போகிற டேவிட் அங்கிள் எழுதுகிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மழைக்காலத்தில் எனக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே அது நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. மாத்திரைதான் வழி என்றார் டாக்டர். மாதம் ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். அதில் சிஆர்பி என்று ஒரு நம்பர் வரும். உடம்புக்குள் எங்கே அழற்சி இருந்தாலும் அது ஏறும். இந்த நோய்க்காரனுக்கு அது ஏறியபடியே இருந்தால் நல்ல அடையாளம் இல்லையாம்.

அந்த நம்பரைத்தான் ஜெபக் குறிப்பாகக் கொடுத்தேன். நீங்கள் எல்லாரும் ஜெபித்தீர்கள். "நமக்கெல்லாம் மார்க் ஏறணும், அங்கிளுக்கு மட்டும் இறங்கணுமாம்" என்று வேனில் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

முதல் இரண்டு மாதம் இறங்கியது. கிறிஸ்துமஸ் முடிந்து எடுத்தபோது இரண்டு மடங்காக ஏறிவிட்டது. "எல்லாதரூ நோவிதெயா?" என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். எங்கேயாவது வலிக்கிறதா என்று. "ஏனூ இல்ல சார்", ஒன்றும் இல்லை என்றேன். அடுத்த மாதம் இன்னும் ஏறியது.

ரிப்போர்ட்டைப் பீரோவில் துணிக்கு அடியில் ஒளித்தேன். ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார், முடியாது என்பதே பதில் என்று நினைத்தேன். முழங்கால் போட்டால் வார்த்தை வராது. என் மனைவி மேரி பேச வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். "அங்கிள், மார்க் இறங்கிச்சா?" என்று நீங்கள் கேட்டபோது ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். மன்னியுங்கள். இனி ஆஸ்பத்திரிக்கே போவதில்லை என்று முடிவு செய்தேன். சாவுக்குத் தயாராகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பயந்துபோய்க் கிடந்தேன்.

ஒரு சனிக்கிழமை மட்டும் ஜெபம் வந்தது. "ஆண்டவரே, நம்பர் வேண்டாம். எனக்கு என்ன ஆகிறது என்று யாரையாவது சொல்ல வையும்." அவ்வளவுதான்.

மறுநாள் ஆராதனை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாலாவது படிக்கிற என் மகள் ஜெசி என் வாயையே பார்த்தாள்.

"டாடி, ஏன் ஒரு பக்கமாவே மெல்லுறீங்க?"

"பேசாம சாப்பிடுடி."

"மம்மி, டாடி கன்னத்தைப் பாருங்க. வீங்கியிருக்கு. வாய்ல கிராம்பு வேற ஒதுக்கி வெச்சிருக்காரு!"

மேரி தட்டைத் தள்ளி வைத்தாள். "எத்தனை நாளா பல்லு வலி?"

"கிறிஸ்துமஸ்ல இருந்து."

"டாக்டர் கேட்டாரே, ஏங்க சொல்லல?"

இவ்வளவு பெரிய நோய்க்கு நடுவில் பல்வலியைச் சொன்னால் அது முறுமுறுப்பு என்று நினைத்திருந்தேன் பிள்ளைகளே. வாயை மூடிக்கொண்டு பொறுத்தால்தான் விசுவாசம் என்று.

"வலிக்குதுன்னு சொன்னா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா? நல்லா இருக்குங்க உங்க விசுவாசம்!" என்று சொல்லிவிட்டு மேரி அழுதாள்.

திங்கட்கிழமை அவளே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது. இதுவும் நம்பரை ஏற்றும், இதைச் சரிசெய்யாமல் நோயைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். புற்றுநோய் மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று வாரம் கழித்து நம்பர் பாதிக்கும் கீழே வந்தது. ஸ்கேனில், நுரையீரலில் இருந்தது வளரவில்லை. போகவும் இல்லை.

குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அது உண்மை இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது வேன் ஓட்டுவேனா என்று தெரியாது. பயம் இன்னும் போகவில்லை. ஆனால் நான் கேட்ட ஒரே ஒரு ஜெபத்துக்கு, என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளையின் வாயால் பதில் வந்தது. ஆண்டவருக்கு நன்றி. இப்போது அவரிடம் எதையும் மூடி வைப்பதில்லை.

உங்களுக்கு எங்கே வலித்தாலும் அவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடமும் சொல்லுங்கள். ஆண்டவர் கோபிக்க மாட்டார். லீவு விடுவதற்குள் எனக்கு அடுத்த பரிசோதனை இருக்கிறது. வேனில் ஏறினதும் மார்க் என்ன என்று கேளுங்கள். ஏறியிருந்தாலும் சொல்லுவேன்.