சேலை செக்ஷனில் சந்தோஷ வகுப்பு

நேற்று என் கணவர் புதுச் சட்டை ஒன்றைப் பிரித்தார். குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி, காலருக்குள் இருந்த பிளாஸ்டிக்கை எடுத்துப் போட்டு, முதுகுப் பக்கம் வைத்திருந்த வெள்ளை அட்டையையும் குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனார். "அதைப் போடாதீங்கோ" என்று கையைப் பிடித்துவிட்டேன். அவருக்கு இது பழகிப்போன விஷயம். எங்கள் அலமாரியில் இப்படிப்பட்ட அட்டைகள் முப்பது நாற்பது இருக்கும். கறையான் வந்தால் முதல் பந்தி அங்கேதான் என்பார்.

அட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். கஞ்சியும் புதுத்துணியும் கலந்த வாசனை. உங்களுக்கு அந்த வாசனையில் தீபாவளி நினைவுக்கு வரலாம், யாருடைய கல்யாணமாவது வரலாம். எனக்கு வருவது யோகா வகுப்பு. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மலையாள தேசத்துத் தலைநகரில், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் அப்போது நான்கு மாடித் துணிக்கடை ஒன்று இருந்தது. நான் சம்ஸ்கிருதத்தில் எம்.ஏ. முடித்து, அதன் மேல் யோகா ஆசிரியர் பயிற்சியும் முடித்து, இரண்டையும் சேர்த்து உலகத்தைத் திருத்திவிடலாம் என்று எங்கள் வீடு இருந்த வலியசாலைத் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம். வயது இருபத்தைந்து. அந்தக் கடையில் சேலை விற்கும் பெண்கள் கால் வலி, கால் வீக்கம் என்று அடிக்கடி லீவு போட்டார்கள். கடை திறப்பதற்கு முன் முக்கால் மணி நேரம் யோகா சொல்லிக்கொடுத்தால் லீவு குறையும் என்று மேனேஜருக்கு யாரோ யோசனை சொல்ல, அது சுற்றிச் சுற்றி என்னிடம் வந்தது.

"வெறும் உடற்பயிற்சி மட்டும் எடுக்க மாட்டேன் சார். யோகத்துக்குப் பின்னால் ஒரு தத்துவம் இருக்கு. அதையும் சேர்த்துத்தான் எடுப்பேன்" என்று முதல் நாளே நிபந்தனை போட்டேன். இப்போது நினைத்தால் என்ன தைரியம் என்று தோன்றுகிறது. மேனேஜர் நல்ல மாதிரி மனிதர். பூர்வீகம் திருநெல்வேலி, பேச்சு பாதிக்கு மேல் மலையாளம். "அதினென்ன டீச்சர், எடுங்க. கால் வலி போனா மதி, அது போதும்" என்றார்.

வீட்டில் அம்மா மட்டும் மோவாயில் கையை வைத்துக்கொண்டாள். "துணிக்கடையில சம்ஸ்கிருதமா? நன்னாருக்கு போ."

வகுப்பு இரண்டாவது மாடியில், சேலை செக்ஷனில். சேலைகளை விரித்துக் காட்டுவதற்காகத் தரையில் நீளமாக வெள்ளை மெத்தை போட்டிருப்பார்களே, அதுதான் எங்கள் யோகா விரிப்பு. காலை எட்டரைக்குக் கடைக்குள் ஒரு தனி வாசனை இருக்கும். பூச்சி உருண்டை, கஞ்சி, அப்போதுதான் கல்லாவில் ஏற்றிய ஊதுபத்தி. பாதி விளக்குகள் எரியாது. ஏ.சி. போட மாட்டார்கள். கரும்பலகைக்கு எங்கே போவது? முதல் நாள் சுற்றிப் பார்த்தேன். சட்டைகளிலிருந்து உருவிய வெள்ளை அட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து மார்க்கரால் பெரிதாக 'அஹிம்சை' என்று எழுதி, பட்டுச்சேலை கட்டியிருந்த பொம்மையின் கையில் செருகிவிட்டேன். அன்று முதல், யோகம் வகுத்த பத்து நெறிகளிலிருந்து வாரத்துக்கு ஒரு சொல். திங்கட்கிழமை பொம்மை கையில் அட்டை மாறும்.

எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பதினெட்டுப் பேர். பாதிப் பேர் நகரத்து மலையாளப் பெண்கள், பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் ஊர்களிலிருந்து தினமும் ரயிலில் வருபவர்கள். அவர்களில் மூத்தவர் தங்கபாய் அக்கா. குழித்துறைக்காரர், நாற்பது தாண்டியவர். அந்தக் கடையில் எனக்கு முன்னால் பதினாறு ஓணம் பார்த்தவர். நான் என்ன சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும்.

அஹிம்சை வாரத்தில் கொசுவைக்கூட அடிக்கக் கூடாது என்றேன். கொசுவுக்குப் பேர்போன கிழக்கேக் கோட்டைப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிற பேச்சா அது? எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். அடுத்து சத்தியம். தங்கபாய் அக்கா கையைத் தூக்கினார். "டீச்சரே, சாயம் போவுமான்னு கஸ்டமர் கேட்டா என்ன சொல்லணும்?" எனக்கு அந்தப் பிரச்சினையே தெரியாது. "தெரியாதுன்னு சொல்லலாமே" என்று சமாளித்தேன். "தெரியுமே" என்றார் அவர்.

மூன்றாவது வாரம் அஸ்தேயம், அதாவது திருடாமை. அட்டையை வைத்துவிட்டு உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனேன், யாரும் முகம் கொடுக்கவில்லை. ராத்திரி வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் அவர்கள் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தினமும் திருடிகளைப்போல நிற்பவர்களிடம் போய்த் திருடாதே என்று பாடம் எடுத்திருக்கிறேன். மறுநாளே அட்டையை எடுத்துவிட்டேன். நான்காவது சொல் பிரம்மசரியம். அதை நாசூக்காகத் தாண்டி, அபரிகிரகத்துக்குப் போனேன். தேவைக்கு மேல் சேர்க்காதே என்று சேலைக் கடைக்குள் உட்கார்ந்து சொன்னது அநேகமாக உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இத்தனை உளறலுக்கும் நடுவில் ஒரு விஷயம் எனக்குப் பெருமையாக இருந்தது. வகுப்புக்கு ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை. ரயில் தாமதமானால் தங்கபாய் அக்கா தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து ஓடி வருவார். மூச்சு வாங்க வந்து மெத்தையில் உட்காரும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி தெரியும். தத்துவத்தின் சக்தி என்று நான் வீட்டில் அளந்துகொண்டிருந்தேன்.

ஏழாவது சொல் சந்தோஷம். நாம் பேச்சில் சொல்கிற சந்தோஷம் இல்லை. இருப்பது போதும் என்ற மன நிறைவு. அன்று நன்றாகத்தான் பேசினேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தங்கபாய் அக்கா வழக்கம்போலக் கையைத் தூக்கினார். "இது மொதலாளிக்கும் உண்டா டீச்சரே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "எல்லாருக்கும் உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு மேனேஜர் தூண் ஓரமாக நின்று கேட்டிருக்கிறார். வகுப்பு முடிந்ததும் வந்தார். "டீச்சர், இது அடிபொளி கேட்டோ. இதுதான் நம்ம ஸ்டாஃபுக்கு வேண்டியது." இரண்டு நாளில் அந்தச் சொல்லைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, கண்ணாடி பிரேம் போட்டு, பணியாளர் படியேறும் சுவரில் கேமராவுக்கு நேர் கீழே மாட்டிவிட்டார். வெளியே தெருவைப் பார்த்து ஒரு பெரிய தட்டியில், ஓணத்துக்கு இன்னும் வாங்குங்கள், இன்னும் வாங்குங்கள் என்று எழுதியிருந்தது. அது என் கண்ணில் படவில்லை. என் சொல் பிரேமுக்குள் போன சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை தங்கபாய் அக்காவின் நிலையைச் சரிசெய்து கொண்டிருந்தேன். ஒரு காலை முன்னால் மடக்கி நிற்கிற ஆசனம். "பின்னங்கால் நல்லா ஊன்றட்டும் அக்கா" என்றேன். அவர் சுடிதார் பேன்ட்டை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்கால் முழுக்க நீல நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. கணுக்கால் அருகே தோல் கறுத்திருந்தது.

"டீச்சரே, உள்ளத சொல்லட்டா? ஒம்பதரைக்கு நின்னா ராத்திரி ஏழு மணி வர நிக்கணும். கஸ்டமர் இல்லாட்டாலும் நிக்கணும். செவுத்துல சாஞ்சா கேமராவுல பாத்துக் கூப்பிடுவாவ. கஸ்டமர் நாக்காலிய தொடப்படாது. இந்த முக்கா மணிக்கூறு மட்டுந்தான் இந்தக் கடைக்குள்ள எங்கள உக்கார விடுதாவ. அதுக்காக்கும் எல்லாரும் ஓடி வாறது."

பதினெட்டுப் பேரும் என் தத்துவத்துக்காக வரவில்லை, உட்காருவதற்காக வந்திருக்கிறார்கள். நானோ அதிலும் பாதி நேரம் அவர்களை நிற்க வைத்து ஆசனம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

செக்ஷனுக்கு இரண்டு ஸ்டூல் வேண்டும் என்று அவர்கள் மேனேஜரிடம் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். படியிறங்கும்போது மேனேஜரே கூப்பிட்டார். "டீச்சர், இவங்க ஸ்டூலு ஸ்டூலுன்னு பிரஷர் தராங்க. நீங்க அந்த சந்தோஷத்த ஓணம் வரைக்கும் கண்டினியூ பண்ணுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க." மிரட்டல் ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் அதிகமாக உறுத்தியது.

வலியசாலைக்கு நடந்தே வந்தேன். முடியாது என்றால் வகுப்பு நிற்கும், அந்தக் கடையில் அவர்களுக்கு இருக்கிற ஒரே இருக்கை போய்விடும். சரி என்றால் அவர்களுடைய ஸ்டூலுக்குக் குறுக்கே நானே சம்ஸ்கிருதத்தைப் போட்டு அடைத்தவளாவேன். அம்மாவிடம் சொன்னேன். "இத்தனை படிச்சியே, அதுல ஒண்ணும் இல்லையா இதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்தக் கேள்வியோடு சுற்றினேன். இருந்தது. நான்தான் அதைக் கொசுவோடு முடித்துவிட்டிருந்தேன்.

திங்கட்கிழமை பொம்மையின் கையில் பழைய அஹிம்சை அட்டையையே மறுபடி வைத்தேன். மேனேஜர் தூண் ஓரம் நின்றிருந்தார். "எல்லாரும் உக்காருங்கோ. இன்னைக்கு நின்னு செய்யறது ஒண்ணும் கிடையாது" என்று ஆரம்பித்தேன். "முதல் வாரம் இதைத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன். பத்துச் சொல்லுல இதை முதல்ல வெச்சிருக்கா. மத்த ஒம்பதும் இதுக்கு மேலதான் நிக்கும். அடுத்த உயிரை வலிக்க வைக்காதேன்னு அர்த்தம். உங்க கால் அந்த உயிர்ல சேர்த்திதான். வலி நிக்காத இடத்துல சந்தோஷத்தைப் பத்திப் பேச எனக்கு உரிமை இல்லை. போன வாரம் அக்கா ஒரு கேள்வி கேட்டா. நான் சிரிச்சுட்டுப் போயிட்டேன். இப்ப பதில் சொல்றேன். முதலாளிக்கு உண்டு. அவருக்குத்தான் முதல்ல."

நான் எழுந்துபோய், படிச்சுவரிலிருந்து அந்தப் பிரேமைக் கழற்றிக்கொண்டு வந்து மேனேஜர் கையில் கொடுத்தேன். "சார், இது உங்க ரூம்ல இருக்கட்டும். அங்கதான் நாற்காலி இருக்கு."

அவர் பிரேமை வாங்கிக்கொண்டார். கண்ணாடியில் தூசி இருந்ததைத் துடைத்தார். "சரி டீச்சர்" என்றார். புதன்கிழமை போன் வந்தது. ஓணம் சீசன் தொடங்கிவிட்டது, வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம் என்று. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

அவர்களுடைய முக்கால் மணி நேரத்தைப் பிடுங்கிவிட்டோமே என்று அந்த ஓணம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, மனசு கேட்காமல் சேலை வாங்குகிற சாக்கில் போனேன். இரண்டாவது மாடியில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். ஒன்றில் தங்கபாய் அக்கா உட்கார்ந்திருந்தார். என் பேச்சால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தேன். பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் அறைக்கு முன்னால் ஒரு காலை முழுக்க ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். "நீங்க சொல்லித்தந்த மாதிரியாக்கும், முதுக நேரா வச்சு" என்றார் அக்கா. இவ்வளவு பெரிய பாராட்டை அதற்கப்புறம் எனக்கு யாரும் தந்ததில்லை.

பழக்கத்தில் எழுந்திருக்கப் போனவரை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தபடியே சேலை காட்டினார். மாம்பழ மஞ்சளில் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. "சாயம் போகுமா அக்கா?" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "போவும் டீச்சரே" என்றார். அதையே வாங்கிக்கொண்டேன். முதல் தண்ணீரிலேயே போனது.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட செல்போன் ஷோரூம் வந்துவிட்டது. கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று பின்னால் அரசாங்கம் சட்டமே போட்டது. தங்கபாய் அக்கா வேலையை விட்டுக் குழித்துறையோடு இருந்துவிட்டார் என்று கேள்வி. அவருடைய பழைய நம்பரில் வேறு யாரோ எடுக்கிறார்கள்.

நான் இன்று யோகா ஆசிரியர்களுக்கே பாடம் எடுக்கிறேன், அதை நன்றாகவே எடுக்கிறேன். சம்ஸ்கிருதம் இல்லாமல் யோகாவா என்று அவர்களே கேட்டு வருகிற காலம் இது. சட்டை அட்டையில் சொல்லை எழுதி வைத்தால் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷ வாரம் வரும்போதெல்லாம் நான் பேசி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன், எங்கிருந்தாவது ஒரு கை மேலே வருமா என்று. இது முதலாளிக்கும் உண்டா என்று இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், எல்லோரும் உட்கார்ந்துதானே இருக்கிறார்கள்.