மார்லா கெட்டுனென் கொளுத்திய ஊர்

கனடாவின் தண்டர் பே நகரில் மார்ச் மாதம் முழுக்க ஒரே பேச்சு: மார்லா கெட்டுனென் ஒரு ஊரையே கொளுத்திவிட்டாளாம். காப்பிக்கடை வரிசையில் கேட்டால், கொளுத்தியது ஒரு மரவீடு, உள்ளே ஆள் இருந்தது. மருந்துக்கடையில் கேட்டால், வீடில்லை, ஏரிக்கரைக் கேபின், ஏதோ சொத்துத் தகராறு. ரோஸ் கலர் க்ரீம் தடவிய பெர்சியன் பன்னுக்கு நிற்கிறவர்களோ, அவளை வேலையை விட்டுத் தூக்கி உள்ளேயும் போட்டாகிவிட்டது என்று சத்தியம் செய்தார்கள். செய்த கையோடு சூப்பர் மார்க்கெட் கறிப்பிரிவுக்குப் போய், அதே மார்லாவின் கையால் பன்றித்துண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

விசாரித்துப் பார்த்ததில் முக்கால்வாசி உண்மை. கொளுத்தியது நிஜம். ஊர் இருந்ததும் நிஜம். ஆள் செத்ததும் நிஜம் என்று மார்லாவே சொல்கிறாள், வம்பே அதில்தான். அந்த ஊர் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்தது என்பது மட்டும் வதந்தியில் விட்டுப்போன சின்னத் தகவல்.

மார்லாவுக்கு ஐம்பத்துநாலு வயது. பின்லாந்து வம்சம், பேச்சு குறைவு, தோள் அகலம். ஒவ்வொரு அக்டோபரும் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் ஒரு மூஸ் மானைச் சாய்த்து, தானே உரித்து, தானே துண்டு போட்டு, குளிர்பெட்டியை நிரப்பிவிட்டுத்தான் மறுவேலை. கறிப்பிரிவில் அவள் எலும்பு வெட்டும்போது பச்சைக் காய்கறி வாங்க வந்தவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவள் விளையாட்டுக்குள் போனால் ஒரு கோழியைக்கூட மிதிக்க மாட்டாள்.

அவள் சேர்ந்திருந்த கர்லிங் மன்றத்தில் 'ஏழாம் துறை' என்ற விளையாட்டை எல்லோருமாகச் சேர்ந்து ஆடினார்கள். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடுவது வியாழக்கிழமை வேலை. மற்ற நாளெல்லாம் இது. மன்றத்தின் மதுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பாட்ஸிதான் எல்லோருக்கும் பொதுவாக ஒரே உலகத்தைத் திறந்து வைத்தவள். வீட்டிலிருந்தும் அதற்குள் போகலாம், மன்றத்துப் பெரிய திரையிலும் ஆடலாம். அதில் கோட்டை கட்டலாம், கொள்ளையடிக்கலாம். குறுக்கே வரும், கம்ப்யூட்டரே நடத்துகிற ஊர்ஜனங்களை வெட்டிப்போட்டுப் பையைத் துழாவலாம், கேள்வி கேட்க ஆளில்லை. எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மார்லா மட்டும், யாரும் காவல் இல்லாத பழக்கடையில் ஆப்பிள் எடுத்தால் காசு வைத்துவிட்டு நகர்வாள். யார் வீட்டுக்குள்ளாவது போக நேர்ந்தால் வெளியே வந்து கதவைச் சாத்துவாள்.

இதைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன் வெண்டல் மக்ராய். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், மார்லாவின் கர்லிங் அணிக்குத் தலைவன், வாய் மூடாத ஜாதி.

"சிஸ்டர் மார்லா வந்துட்டாங்க, எல்லாரும் முட்டி போடுங்க!" என்பான். "அக்டோபர்ல மூஸைச் சுட்டுத் தள்ற. இங்க பொம்மைக்குப் பாவம் பாக்கற. உனக்குத் தலையில எந்த நட்டு கழண்டுச்சு?"

"மூஸுக்குக் கால் இருக்கு, மூக்கு இருக்கு. பத்துல எட்டு தடவை அது என்னை ஏமாத்திட்டு ஓடிடும்" என்பாள் மார்லா. "இதுங்களுக்கு ஓடணும்னு யாரும் எழுதிக்கூடக் குடுக்கல. நின்ன இடத்துல நின்னு வாங்கிக்குது. அதை வெட்டறதுல உனக்கென்ன பெருமை?"

அவளிடமிருந்து வந்ததிலேயே நீண்ட பேச்சு அதுதான் என்று பாட்ஸி சொல்கிறாள்.

அந்த உலகத்தில் ஓபெட் என்று ஒரு ஓடக்காரன். கிழவன். அவனுக்குத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்று: "ஆத்துல இழுப்பு ஜாஸ்தி, கம்பியைப் பிடிச்சுக்கம்மா." வேலை முடிந்து, கையிலிருந்து கொழுப்பு வாடை போகக் கழுவிவிட்டு வந்து உட்காரும் மார்லா தினமும் முதல் காரியமாக அவன் படகில் ஏறி அக்கரை போவாள். அக்கரையில் அவளுக்கு ஒரு வேலையும் இருக்காது. வந்துவிடுவாள். நாள் முழுக்க "மெல்லிசா வெட்டு, தடியா வெட்டு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறவளிடம், பிடித்துக்கொள் என்று சொல்ல ஒரு ஆள்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் பெரிய திரை முன்னால் உட்கார்ந்திருந்தபோது, வெண்டல் அந்தப் படகில் ஏறினான். நடு ஆற்றில் ஓபெட்டை வெட்டினான். கிழவன் வைத்திருந்த லாந்தருக்காக. அது விளையாட்டிலேயே மலிவான லாந்தர். ஓபெட் தண்ணீரில் சரியும்போதும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னான்: கம்பியைப் பிடிச்சுக்கம்மா.

கூடம் முழுக்கச் சிரிப்பு. வெண்டலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சாகும்போதும் டியூட்டி பாக்கறான் பாரு! சிஸ்டர், பூசை வைக்கறீங்களா?"

"சரி" என்றாள் மார்லா. கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சிரித்தவர்கள் அந்த 'சரி'யைக் கவனித்திருக்கலாம். அவள் மூஸைக் குறி பார்க்கும்போதும் அதே குரலில்தான் 'சரி' என்பாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி எல்லாமே வெண்டல்தான். அவனை எப்படி வலிக்க வைப்பது? விளையாட்டுக்குள் அவனைக் குத்தினால் ஒரே நிமிஷத்தில் புதுச் சட்டையோடு எழுந்து வந்து பல்லைக் காட்டுவான். ஆடுகிறவனுக்கு அங்கே சாவே கிடையாது. சாவெல்லாம் அப்பாவிகளுக்கு மட்டும். அவனுக்கு வலிக்கிற இடம் ஒன்றுதான்: மக்ராய்புரம். மூன்று குளிர்காலமாக அவன் கட்டின ஊர். நடுவில் மேடை, மேடையில் மரத்தில் செதுக்கிய வெண்டல், கையில் கர்லிங் துடைப்பம், நிஜத்தில் இல்லாத தாடை. அதைக் கொளுத்தினால் அவன் வயிறும் சேர்ந்து எரியும். ஆனால் அந்த ஊரில் ஜனங்கள் இருந்தார்கள். ரொட்டி சுடுகிறவன், செருப்புத் தைக்கிறவன், தண்ணீர் எடுக்கிறவள். அவர்கள் வெண்டலைத் தேர்ந்தெடுத்து அங்கே குடி வரவில்லை.

அவர்களோடு சேர்த்துக் கொளுத்தினால் அவள் வெண்டல். கொளுத்தாமல் விட்டால் கேனச்சி. மார்லா மூன்றாவது வழி பிடித்தாள்: முதலில் ஊரைக் காலி செய்வது.

அது லேசுப்பட்ட வேலையல்ல. சூடான ரொட்டியைக் காட்டினால் அந்த ஜனங்கள் பின்னால் வருவார்கள், ஆனால் ஒரு நேரத்தில் ஒரே ஆள். பொழுது சாய்ந்தால், அவரவர் கட்டில் எங்கே கிடக்கிறதோ அங்கே திரும்பிப் போய்விடுவார்கள்; கட்டிலை உடைத்தால்தான் பழைய வீட்டை மறப்பார்கள். ஓடக்காரன் இல்லாததால் மேட்டுப்பாதை வழியே மலையைச் சுற்றிக் கூட்டிப்போக வேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குக் குடிசை போட்டாள், அடுப்பு வைத்தாள். ரொட்டிக்காரன் பள்ளத்தில் விழுந்துவிட்டால் இறங்கிக் கைகொடுத்தாள். இத்தனையும் பாசத்தில் அல்ல. ஒவ்வொரு நடைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் மூஞ்சிக்கு எதிரிலயே எரிக்கறேன் பாரு, வெண்டல்" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேதான் நடந்தாள்.

வெண்டலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் வந்து சிலைக்கு மெருகு போட்டுவிட்டுப் போவான். தெருவில் ஆள் குறைவதை அவன் பார்க்கவேயில்லை. சிலையைப் பார்க்க வந்தவன் தெருவை ஏன் பார்க்கிறான்? மார்லாவுக்கு அதுவும் சேர்ந்து எரிந்தது.

நடுவில் வியாழக்கிழமைகளில் அவன் கத்துகிற கத்தலுக்கெல்லாம் ஓடி ஓடிப் பனியைத் தேய்த்தாள். அவன் தள்ளிய கல் ஒன்றுகூடத் தடம் மாறவில்லை. "இந்த வருஷம் நல்லாத் தேய்க்கற சிஸ்டர்!" என்று முதுகில் தட்டினான். கடைக்கு வந்து பன்றித்துண்டு கேட்டால் கொழுப்பு ஓரமாகப் பார்த்து எடுத்து வைத்தாள். எடையில் ஒரு கிராம் குறைக்கவில்லை. பாக்கிக் கணக்கைப் பிப்ரவரிக்கு வைத்திருந்தாள்.

பிப்ரவரிப் போட்டி விருந்து. மத்தியானம், கூடம் நிறைய ஜனம், பெரிய பாத்திரத்தில் காரமான பீன்ஸ்கறி. வெண்டல் கிண்ணத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். மார்லா திரைக்கு முன்னால் போய் விளையாட்டுக் கருவியைக் கையில் எடுத்தாள். திரையில் மக்ராய்புரத்தின் வாசல்.

"ஏய், என் ஊருக்குள்ள உனக்கென்ன வேலை?"

"குளிருது வெண்டல். கொஞ்சம் கணப்புப் போடலாம்னு."

முதலில் வைக்கோல் கூரை பிடித்தது. அப்புறம் கடைத்தெரு. அப்புறம் மேடை. மர வெண்டலின் துடைப்பம் பிடித்து, கை பிடித்து, இல்லாத தாடை பிடித்து எரிந்தபோது நிஜ வெண்டலின் கிண்ணம் சாய்ந்து கறி அவன் கால்சட்டையில் வழிந்தது. அவனுக்குச் சுட்டதுகூடத் தெரியவில்லை. "அடிப்பாவி! மூணு குளிர்காலம்!" என்றான். குரல் கீச்சென்று வந்தது.

"ஆத்துல இழுப்பு ஜாஸ்தி" என்றாள் மார்லா. "கம்பியைப் பிடிச்சுக்கோ."

இந்த முறை கூடம் வெண்டலைப் பார்த்துச் சிரித்தது. பாட்ஸி மட்டும் கேட்டாள்: "ஜனங்களையாவது விட்டியா, மார்லா?"

"எல்லாரையும் முன்னாடியே கூட்டிட்டுப் போயிட்டேன். நான் வெண்டல் இல்ல."

நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு ருசியான மத்தியானம் கிடையாது. எரிகிற ஊரை அவள் பார்க்கவேயில்லை. வெண்டலின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. ஒன்றையும் தவறவிடவில்லை.

திரையில் பொழுது சாய்ந்திருந்தது. அதைத் தவறவிட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் அக்கரைக் குடிசைகளைப் பார்க்கப் போனாள். ரொட்டிக்காரன் இருந்தான், செருப்புக்காரன் இருந்தான். தண்ணீர் எடுக்கும் பெர்னாவைக் காணோம். மலையைச் சுற்றி ஓடினாள். மக்ராய்புரத்துச் சாம்பலில், கிணற்றை ஒட்டிய வீட்டில், கரிந்த கட்டில் ஒன்று உடைபடாமல் கிடந்தது. பக்கத்தில் ஒரு வாளி. எல்லாக் கட்டிலையும் உடைத்தவள், மூன்று நாளாகத் தீ வைக்கும் நேரத்தையே மனசில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததில், இதை விட்டிருக்கிறாள். பொழுது சாய்ந்ததும் பெர்னா வாளியோடு மலையைச் சுற்றி நடந்து, எரிகிற தெரு வழியாக, தன் கட்டிலுக்குத் தூங்கப் போயிருக்கிறாள். நெருப்பைக் கண்டு ஓடணும் என்று அவளுக்கும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

யாரும் பார்க்கவில்லை. வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் போச்சு: மார்லாவிடம் சொந்தமாக இருந்தது வெண்டலை வெறுக்கும் உரிமை ஒன்றுதான், அதுவும் பறிபோகும்.

ஆனால் கர்லிங் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஓடுகிற கல்லில் துடைப்பம் பட்டுவிட்டால் அது தப்பாட்டம்; தொட்டவளே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். நடுவர் சொல்ல மாட்டார், எதிராளி சொல்ல மாட்டான். சொல்லாமல் மறைத்தவனோடு அந்த மன்றத்தில் யாரும் சேர்ந்து உட்கார மாட்டார்கள். முப்பது வருஷமாக இப்படிக் கையைத் தூக்கிப் பழகியவள் வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியதே பெரிது. வெண்டல் கல்லைத் தள்ளக் குனிந்திருந்தான். மார்லா கையைத் தூக்கினாள்.

"கல்லே இன்னும் கிளம்பல, எதுக்குக் கை தூக்கற?" என்றான்.

"கல்லுக்கு இல்ல. உன் ஊர்ல ஒருத்தி செத்துட்டா. என் தப்பு. கட்டிலை உடைக்காம விட்டுட்டேன்."

வெண்டல் நிமிர்ந்தான். முகம் மெல்ல மெல்ல விரிந்தது. "அப்ப நீயும் நானும் ஒண்ணு, சிஸ்டர்! கடைசியில ஒண்ணு!" பனித்தரை முழுக்க எதிரொலித்தது. அப்புறம் புருவத்தைச் சுருக்கினான். "யாரு செத்தது?"

"பெர்னா. தண்ணி எடுக்கறவ."

"பெர்னாவா? அப்படி ஒருத்தி என் ஊர்ல இருந்தாளா?"

மூன்று குளிர்காலம் கட்டின ஊர். ஒவ்வொரு நாளும் அவன் கிணற்றில் தண்ணீர் இறைத்தவள். மார்லா அவனைப் பார்த்தாள். ஐந்து நாளாக உள்ளே அணைந்து கிடந்தது, அவனே ஊதிவிட்ட மாதிரி, குப்பென்று பிடித்துக்கொண்டது. வெறுக்கும் உரிமை வேறு காரணத்தில் புதுசாகக் கிடைத்துவிட்டது. இதில் பெர்னாவுக்குத் தான் பட்ட கடனும் கலந்திருந்தது, ஆனால் அனல் குறையவில்லை. "கல்லைத் தள்ளு" என்றாள்.

ஆட்டம் முடிந்து மேசைக்கு வந்ததும் வெண்டல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஜெயிச்சவங்கதானே தோத்தவனுக்கு வாங்கித் தரணும்? மன்றத்துச் சட்டம். என் ஊரே போச்சு, நான் தோத்துட்டேன். எங்க என் பீர்?"

மார்லா வாங்கிக் கொடுத்தால், பெர்னா செத்ததைத் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டதாகிவிடும்.

"நான் ஜெயிக்கல" என்றாள் மார்லா.

"அப்ப நான் ஜெயிச்சேனா? சந்தோஷம். பாட்ஸி, சிஸ்டருக்கு ஒண்ணு ஊத்து, என் கணக்கு."

"ஊத்தினா தரையிலதான் ஊத்தணும்."

பாட்ஸி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, எடுத்த கிளாஸைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்தாள். "முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க, நான் சாகறதுக்குள்ள."

ஏப்ரலில் மன்றத்துப் பனித்தரையை உருக்கி வடித்துவிட்டார்கள். மே மாதம் ஏரியும் பனி விலகித் திறந்தது. சனிக்கிழமைதோறும் வெண்டல் கறிப்பிரிவுக்கு வருகிறான். கண்ணாடித் தடுப்பில் விரலால் தட்டி, "பன்றித்துண்டு நாலு. அப்புறம் என் பீர்" என்கிறான். மார்லா துண்டுகளைத் தாளில் சுற்றி, எடை ஒட்டி, அவன் பக்கம் தள்ளுகிறாள்.

"அடுத்தது யாரு?" என்கிறாள், வரிசையைப் பார்த்து.