காலைத் தட்டும் வீரன்

மாணவியிடம் பறித்த வீடியோ கேமைப் பெற்றோரின் கடிதமில்லாமல் திருப்பித் தரக்கூடாது. அந்த விதியை எழுதிய தலைமையாசிரியர் நானேதான். அப்படி ஒரு மாணவியின் கையடக்க கேமைப் பறித்து வைத்திருந்தேன். எழுமலையிலிருந்து அவளுடைய அம்மா வந்தார்.

“எழுதத் தெரியாது சார். நானே வந்திருக்கேன், அது பத்தாதா?”

“கடிதம் வேணும்மா.”

“எனக்கு எழுதத் தெரிஞ்சா பிள்ளைய எதுக்கு இங்க அனுப்புறேன்?”

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. ஆள் அனுப்பினேன், வீடு பூட்டியிருந்தது.

நான் ஓய்வு பெற்றபோது அந்த கேமையும் ஒப்படைக்கப் போனேன்; இருப்புப் பதிவேட்டில் இல்லாத பொருளை ஏற்க முடியாது என்றார் எனக்குப் பின் வந்தவர். சரியான நடைமுறைதான், அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது.

இப்போது வில்லாபுரம் வீட்டில் அவ்வப்போது அதற்குப் பேட்டரி மாற்றுகிறேன். டிவி கார்ட்டூனில் உலகத்தைக் காப்பாற்றும் முகமூடி வீரன், அந்தச் சின்னத் திரையில் அவள் சேமித்து நிறுத்திய இடத்திலேயே வருகிறான். நான் எந்தப் பொத்தானையும் அமுக்குவதில்லை. ஆட்டம் தொடரக் காத்து, அவன் என்னைப் பார்த்தபடி காலைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்கிறான்.