சராசரி எடுக்க மறுத்தவர்

சென்ற திங்கட்கிழமை காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்தேன். என்னோடு வேலை பார்த்த எஸ்தரின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டா சார். நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

ராஜபாளையத்தில் நடந்த அடக்கத்தில் எங்கள் கல்லூரி வைத்த மலர்வளையம்தான் பெரியது. "அர்ப்பணிப்புள்ள ஆய்வாளர்" என்று துறைத்தலைவர் பேசினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எஸ்தரோடு பழகிய நண்பர்கள் உங்களுக்கு நடந்தது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதினோரு ஆண்டுகள் அவர் மேசைக்கு அடுத்தது என் மேசை. குழாயில் ஓடும் திரவம் எப்போது அமைதியாக ஓடும், எப்போது கொந்தளிக்கும் என்று கணினியில் கணக்கிடுவது அவர் வேலை. போன வருடம் டயாலிசிஸ் குழாய் செய்யும் ஒரு கம்பெனி, தன் புதிய இணைப்பைச் சோதித்துத் தரக் கேட்டது. இரத்தத்தைத் தள்ளும் பம்பின் ஒவ்வொரு துடிப்பும் தணியும்போது, இணைப்பின் வளைவில் இரத்தம் கண நேரம் கொந்தளித்து மறுபடி அடங்குவதை எஸ்தர் கண்டார். இரத்த அணுக்கள் சிதையலாம் என்று எழுதினார்.

கம்பெனியைப் பகைத்துக்கொள்ள விரும்பாமல், சராசரி ஓட்டத்தை மட்டும் காட்டச் சொன்னார் துறைத்தலைவர். சராசரியில் அந்தக் கொந்தளிப்பு மறைந்துவிடும்.

"அந்தக் குழாயில சராசரியா சார் ஓடுது? ரத்தம்லா ஓடுது!" என்றார் எஸ்தர்.

மறுநாளே அவர் கணினியை முடக்கினார்கள். மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க, இந்த வருடச் சித்திரை வெயிலில் சேத்தூர்ப் பக்கம் வீடு வீடாக அலையவிட்டார்கள். "செத்த நேரம் நடந்தாலே மூச்சு வாங்குது சார், ஒரு வாரம் லீவு குடுங்க" என்று என் கண்முன் கேட்டார். "அட்மிஷன் முடியட்டும்மா" என்றார் துறைத்தலைவர்.

சராசரி போட்ட அறிக்கையில் கையெழுத்திட்டது நான். எனக்குப் பதவி உயர்வு நெருங்கியிருந்தது. எஸ்தர் சண்டை போடவில்லை. "படிச்சுப் பாத்துட்டா போட்டீய?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதன்பின் அவர் என்னோடு டீ குடிக்க வரவே இல்லை.

கணினியை முடக்குமுன் தன் கணக்கின் நகலை என்னிடம் தந்திருந்தார். நேற்று அதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினேன். என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதினேன். துறைத்தலைவர் கூப்பிட்டார். "செத்தவங்களுக்காக வேலையை விடப் போறீங்களா?"

எஸ்தர் உயிரோடிருந்தபோதே வேலையை விட்டிருக்க வேண்டும். எஸ்தர் வாய்விட்டுத் திட்டாத திட்டெல்லாம் இனி என்னிடம் இருக்கிறது. அதை நான் மெல்லப் பேசப் போவதில்லை.