செப்பில் பூசிய சந்தனம்

எழுபதுகளின் தொடக்கம். சிறுபோக நெல்லில் தத்திப் பூச்சி விழுந்து, வாவிக்கு மேற்கே வட்டை வட்டையாகப் பயிர் கருகிக்கொண்டிருந்தது. மருந்தடிக்க வந்த ஹெலிகொப்டருக்கு நான்தான் மெக்கானிக். பூச்சியோடு கூட மாரடிக்கலாம், மனிதர்களோடு முடியாது.

எஞ்சினை முடுக்கிவிடுவதும், பறக்கும்போது மின்சாரம் தருவதும் ஸ்டாட்டர் ஜெனரேட்டர் என்ற ஒரே சாமான்தான். அதனுள்ளே செப்பு உருளையை உரசிக்கொண்டிருக்கும் கரித்துண்டுகள் தேயும். ஆகவே குறித்த மணித்தியாலம் பறந்ததும், பழுதோ இல்லையோ, கழற்றிப் பார்த்தாக வேண்டும். இதை எத்தனை பேருக்கு எத்தனை விதமாகச் சொல்லியிருப்பேன். ஒருவர் தலையிலும் ஏறவில்லை.

அன்று காலை அதைக் கழற்றும்போது வட்டை விதானையார் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த வட்டையின் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர் அவர். அடுத்து மருந்தடிக்க வேண்டியது அவருடைய வயலுக்குத்தான்.

"நல்லா ஓடுறத ஏன் மனே கழட்டுறாய்? என்ட வயல் எரியுது."

"பின்னேரம் பறக்கும், விதானையார். நீங்க இதில மட்டும் கை வைக்காதிங்க."

புதுக் கரித்துண்டுகளைப் போட்டு, மூடியைப் பூட்டாமல் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சந்தன வாசனை. வயலில் இறங்கும் கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் முதலில் சந்தனம் வைப்பது அந்த ஊர் விவசாயிகளின் வழமை. பொட்டு வைக்க அத்தனை பெரிய ஹெலிகொப்டர் நிற்கிறது. விதானையார் அதை விட்டுவிட்டு, உள்ளே பளபளத்த செப்பைத் தேடிப் பிடித்து, உருளையைக் கையால் திருப்பித் திருப்பிச் சுற்றிவரப் பூசியிருந்தார். பூசிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கும் போய்விட்டார்.

அப்படியே பூட்டினால் பொறி பறந்து நடுவானில் கருகும். மறுபடி பிரித்து, செப்பின் இடுக்குகளை ஊசியால் கிளறி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து முடிக்கப் பொழுது பட்டுவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கேட்க மேசை மட்டும்தான் இருந்தது.

மறுநாள் விடிய முன்பே மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. அந்தக் காற்றில் அடித்தால் மருந்து பயிருக்குப் போகாது, வாவி மீனுக்குத்தான் போகும். சில நாள் கழித்துக் காற்று அடங்கியபோது விதானையாரின் வயலில் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சவில்லை. பயிர் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது.

வரம்பில் நின்று என்னைப் பார்த்தார். "நீ அதக் கழட்டாம விட்டிருந்தா என்ட வயல் தப்பியிருக்கும், மனே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சந்தனம் பூசாமல் விட்டிருந்தால் அன்று பின்னேரமே தப்பியிருக்கும் என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் கருகிய பயிரில் ஒரு பிடியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"ஓம் விதானையார்," என்றேன். "என்ட பிழைதான்."