றைவர் தட்டு

வான் நின்றதும் பாக்கியரத்தினம் இறங்கி, செருப்புக் காலால் நாலு ரயரையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். முப்பது வருடப் பழக்கம். தட்டிவிட்டுக் காற்று இருக்கிறதா என்று காதைச் சாய்ப்பார். பிறகு, "சரி, பிள்ளைக்கு ஒண்டுமில்லை" என்பார். பிள்ளை என்பது வான். பெற்ற பிள்ளை சோபனா அந்த நேரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்க அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை.

லிங்கநகரில் இவருடைய வானைத் தெரியாதவர்கள் குறைவு. வெளியூர்க்காரரையும் வெளிநாட்டுக்காரரையும் நிலாவெளி, கன்னியா, பாசிக்குடா என்று ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, கொண்டுபோய்க் காட்டுவது தொழில். வந்தவர்கள் கடலின் நிறத்தைச் சொல்லி மாய்ந்துபோவார்கள். இவருடைய தீர்ப்பு இரண்டே வகை: "பார்க்கிங் நல்லம்", "பார்க்கிங் சரியில்லை". சொர்க்கத்துக்கு ஹயர் கிடைத்தாலும் மனுசன் வாசலில் நிழல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

இன்று ஹயர் இல்லை. முதன்முறையாகச் சொந்தக் குடும்பத்தோடு பாசிக்குடா போய்த் திரும்புகிறார். யோசனை சோபனாவுடையது. அவள் லைசன்ஸ் எடுத்து ஆறு மாதம். "பொம்பிளையள் தனியா வருகினம் அப்பா, பொம்பிளை றைவர் இருக்கோ எண்டு கேக்கினம்" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாளைக் காலையும் இரண்டு பெண்கள் இறக்கக்கண்டிக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் அவர் "பார்ப்பம்" என்றுதான் சொல்லியிருந்தார். அவருடைய "பார்ப்பம்" என்றால் ஏலாது என்று அர்த்தம். அதனால்தான் இன்று போகவர முழுத்தூரமும் அவளே ஓட்டிக் காட்டினாள். இடப்பக்கம் இருந்த அப்பா, அங்கே இல்லாத பிறேக்கை வாகரையிலிருந்து மூதூர் வரை மிதித்துக்கொண்டே வந்தார்.

"காலை எடுங்கோ, கீழ ஓட்டை விழப்போகுது" என்றார் பின்னால் இருந்த மனைவி இரத்தினேஸ்வரி.

இப்போது வான் நின்றது கிண்ணியாப் பாலம் தாண்டி வெள்ளைமணலில், அர்ஷாக்கின் பாபிகியூ கடையில். மீன் சுடும் புகை றோட்டுக்கே வந்து ஆளைக் கையைப் பிடித்து இழுக்கும். ஒன்பது வருடமாக வருகிறார். ஆனால் அவருக்குத் தெரிந்தது கடையின் பின்பக்கம் மட்டும்தான். ஆட்களைக் கூட்டிவரும் சாரதிகளுக்கு அங்கே அடுப்போரம் உட்கார ஒரு வாங்கு. கடைக்காரர் கணக்கில் ஒரு "றைவர் தட்டு": சுட்ட மீன் தலை, கணவாய், றொட்டி. வான் தெரிகிற பக்கம் பார்த்து இருந்து, ஏழு நிமிடத்தில் தின்று முடித்துக் கை கழுவிவிடுவார். இன்றும் கால்கள் தாமாகவே அங்கே போய்விட்டன.

வாங்கில் இரண்டு சாரதிகள் இருந்தார்கள். "அண்ணன், அந்த ரெண்டு பஸ்ஸுக்கு நடுவில ஒரே வெட்டில ரிவர்ஸ் எடுத்தீங்களே! நாங்க எழும்பி நிண்டு பார்த்தம்" என்றான் ஒருவன்.

"அண்ணன்ட கை அப்பிடி" என்றான் கரியை விசிறிக்கொண்டிருந்த அர்ஷாக்.

எடுத்தது சோபனா. அதைச் சொல்லத்தான் பாக்கியரத்தினம் வாயைத் திறந்தார். "ஓம்... இடம் கொஞ்சம் ஒடுக்கம்தான்" என்று வந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. மிச்சத்தை மனுசன் அப்படியே விழுங்கிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கும் புகைக்குள்ளதான் குந்தப் போறியளோ?" இரத்தினேஸ்வரி வந்து கையோடு முன்பக்கம் கூட்டிப்போனார்.

முன்பக்கம் துறைமுகம். சுற்றிவர மலை, நடுவில் அசையாத தண்ணீர், தூரத்தில் வெளிச்சம் போடத் தொடங்கியிருந்த ஒரு பெரிய கப்பல். "அட! இஞ்ச கடல் இருக்குதப்பா!" என்றார், ஒன்பது வருடம் அந்தக் கடைக்கு ஆள் சேர்த்த மனுசன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஆனாலும் கதிரையை வான் தெரிகிற பக்கமாக இழுத்துப் போட்டுத்தான் இருந்தார்.

முழுப் பாரை மீன் வந்தது. தோல் கருகி வெடித்து, உள்ளே மிளகாயும் உள்ளியும் ஊறிய வெள்ளைச் சதை. தேசிக்காய் பிழிந்ததும் சீறியது. இரத்தினேஸ்வரி நல்ல சதையாகப் பிய்த்து அவர் தட்டில் வைத்தார். "ஆறுதலாத் தின்னுங்கோ, ஒருத்தரும் கோர்ன் அடிக்கமாட்டினம்." விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதி ஊதி, மூவரும் தின்றார்கள். இந்த மீனுக்கு இவ்வளவு ருசியா என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

சோபனா மட்டும் கொறித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நான் வான் ஓடினதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே?"

அவர் வானைப் பார்த்தார். "பார்க்கிங்..." என்று தொடங்கினார்.

அதற்குள் அர்ஷாக் தட்டோடு வந்து அவர் முன்னால் வைத்தான். "றைவர் தட்டு அண்ணன்! அந்த ரிவர்ஸுக்கு ரெண்டு கணவாய் கூடப் போட்டிருக்கன்." பின்பக்கக் கதவால் மற்றச் சாரதிகள் இருவரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சோபனா மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள். பாக்கியரத்தினத்துக்குக் காது இரண்டும் சுட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, வேறென்ன.

"தம்பி, அது நானில்லை" என்றார். குரல் பின்பக்கம் வரை கேட்டது. "மகள்தான் எடுத்தவ. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். பாசிக்குடாவில இருந்து அவதான் ஓடினவ. நாளைக்கு இறக்கக்கண்டி ஹயரும் அவதான்."

தட்டை இரண்டு கையாலும் தூக்கிச் சோபனாவுக்கு முன்னால் வைத்தார். "பார்க்கிங் நல்லம்" என்றார்.

பிறகு எழும்பி, கதிரையைத் தூக்கி, வானுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார்.